டேக், டுக், டேக்கன்: கயிறு பிடித்துக் கற்ற வினைச்சொல்

ஓர் ஆங்கில வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் ஒரு கூட்டமே கயிறு பிடித்து இழுத்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. எனக்கும் அப்போது தெரிந்திருந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆயினும் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பாலத்தின் தூண்கள் எழுந்தன. என் உத்தியோகமும் எழுந்தது. தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலர், "ஒரு வெர்பை எப்படி மனசுல நிறுத்தறது ஐயா?" என்று என்னைக் கேட்பதுண்டு. இலக்கணம் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்கு அது எவ்வாறு நின்றது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. ஸ்டாஃப் பிடித்தவன்

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று ஆலைச் சங்கு ஊதும் இடங்களில் அன்று ராகியும் கொள்ளும் விளைந்தன. ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையே, பெருஞ்சாலையை அறுத்துக்கொண்டு ஓடிய ஓர் ஓடையின் மீது பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே நான் லெவல் ஸ்டாஃப் பிடிக்கும் ஆளாக இருந்தேன்.

ஸ்டாஃப் என்பது அளவுக் கோடுகள் தீட்டிய ஓர் உயரமான மரச்சட்டம். அதைத் தூணின் தலையில் நிறுத்தி, இரு கைகளாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓவர்சியர் தொலைவில் நின்று, கருவியின் கண்ணாடி வழியே அளவைப் படிப்பார். காற்றடித்தாலும் ஈ மொய்த்தாலும் அசையக் கூடாது. எளிய வேலைதான். ஆனால் நான் மஸ்டர் ரோல் ஆள், அதாவது நாட்கூலி. பாலம் முடிந்த மறுநாள் என் வேலையும் முடியும். முன்பே ஒரு முறை அப்படி முடிந்து, மனைவியின் பிறந்தகத்தில் மூன்று போகம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது கைக்குழந்தையும் இருந்தது. மீண்டும் அந்த வாசலில் போய் நிற்க எனக்கு மனமில்லை.

அந்நேரத்தில் ஒர்க் இன்ஸ்பெக்டர் பதவிக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. அது நிரந்தர உத்தியோகம். எங்கள் ஓவர்சியர் தேவசகாயம், கிருஷ்ணகிரிக்காரர், என்னை அழைத்தார்.

"ஏம்பா, நீ எட்டாவது பாஸ் பண்ணவன்தான? எழுதிப் போடு."

"இங்கிலீசுல பேசணுமாமே சார்."

"ஊர் உலகத்தையெல்லாம் பேச வேணாம். டிவிஷன் இன்ஜினியர் ஐயா ஒரு வெர்பு குடுப்பாரு. அதுக்கு மூணு ரூபமும் சொல்லணும். அப்புறம் உன் வேலையில அது எப்படி வருதுன்னு நாலு வார்த்த பேசணும். அவ்ளோதான்."

"எந்த வெர்பு சார் குடுப்பாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்யா இன்னும் ஓவர்சியரா இருக்கறேன்?" என்று சிரித்தார். பிறகு சற்று யோசித்துச் சொன்னார்: "'டேக்'க நல்லாப் புடிச்சுக்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாம அதத்தான பண்றோம். ரீடிங் டேக், லெவல் டேக், மெஷர்மென்ட் டேக். அந்த மனுசனும் சைட்டுல வளந்தவருதான்."

அந்த ஒரு வார்த்தையை நான் பற்றிக்கொண்டேன். ஆனால் படிப்பதற்கு நேரம் எங்கே? பகல் முழுவதும் இரு கைகளும் ஸ்டாஃபில். புத்தகம் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வாய் ஒன்றுதான் சும்மா இருந்தது. ஆகவே தூணின் மேல் நின்றபடியே உரக்கச் சொல்லத் தொடங்கினேன்: "டேக்! டுக்! டேக்கன்! ஐ டேக் தி ரீடிங்! ஐ டுக் தி ரீடிங்!" ஓவர்சியர் தூரத்திலிருந்து, "வாயத் தொறந்துக்க, கைய ஆட்டாத" என்று மட்டும் கத்தினார்.

2. மும்மொழி வடம்

தூண்களுக்கு நீண்ட கருங்கற்கள் தேவைப்பட்டன. அவற்றை மேலேற்ற மண்ணால் ஒரு சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். கல்லை உருளைக் கட்டைகளின் மேல் வைத்து, வடம் கட்டி ஆட்கள் முன்னால் இழுப்பார்கள். பின்னால் இருவர் குனிந்தபடி வருவார்கள். ஒவ்வோர் இழுப்பும் முடிந்தவுடன், தேர்ச் சக்கரத்துக்கு வைப்பது போலக் கல்லின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகுவது அவர்கள் வேலை. கட்டை விழுந்த பிறகே இழுப்பவர்கள் மூச்சு விடலாம்.

முன்னால் இழுப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் கட்டை வைப்பவருக்குக் கல்லுக்கு அப்பால் எதுவும் தெரியாது. இரு தரப்பையும் இணைப்பது ஒருவனுடைய குரல் மட்டுமே. அவனைக் கூவுகிறவன் என்பார்கள். கூவுகிறவன் வடத்தில் கை வைக்க மாட்டான். ஆனாலும் முழுக்கூலி வாங்குவான். அவன் சொல் விழாமல் கல்லின் அடியில் எவனும் கையை நீட்டக் கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு. நீட்டிய விரல்களை இழந்தவர்கள் அக்குழுவிலேயே இருந்தார்கள்.

எங்கள் கூவுகிறவன் முனியப்பா. ஒல்லியான ஆள், வெண்கலத் தொண்டை. வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆகவே 'இழு' என்பதற்கு "லாகு, லாகு" என்று தெலுங்கில் கூவிக்கொண்டிருந்தான். குழுவில் பாதிப் பேர் மைசூர் எல்லைப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். மீதிப் பேரில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. ஆண்டுக்கணக்காக எவரும் இதைப் பொருட்படுத்தியதில்லை.

அவ்வாண்டு மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைதோறும் வாக்குவாதம். அது வடத்துக்கும் வந்து சேர்ந்தது. முட்டுக்கட்டை வைக்கும் சிக்கண்ணா கன்னடக்காரன், குறும்பன். ஒரு நாள் காலையில் கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டான்.

"யாவாகப் பாத்தாலும் லாகு, லாகு. 'எளி'ன்னு எங்க பாசையில ஒரு வாட்டி கூவுனா உன் நாக்கு சுளுக்கிக்குமா முனியப்பா?"

உடனே வடத்திலிருந்த தமிழர்களில் ஒருவன், "ஜில்லா எங்களது. 'இழு'ன்னு கூவட்டும்" என்றான்.

"ஜில்லா உங்களது. கல்லு எங்க ஊருப் பாறையில வெட்டுனது" என்றான் சிக்கண்ணா.

முனியப்பா மனம் நொந்து மூன்றையும் மாறி மாறிக் கூவிப் பார்த்தான். ஒவ்வொரு தரப்பும் தன் சொல்லுக்கு மட்டும் இழுத்தது. மற்றச் சொற்களுக்கு நின்று வேடிக்கை பார்த்தது. கல் நகரவில்லை. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் வேலை அப்படியே கிடந்தது.

3. சொந்தக்காரர் இல்லாத மொழி

மூன்றாம் நாள் நான் வழக்கம்போலத் தூணின் மேல் நின்று என் பாடத்தை ஓதிக்கொண்டிருந்தேன். கீழே வடம் தரையில் கிடந்தது. ஆட்கள் மூன்று மொழியாகப் பிரிந்து மூன்று மர நிழல்களில் இருந்தார்கள். முனியப்பா தனியே உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

"சாமி, அது இன்னா பாட்டு? தினம் பாடிகினே இருக்கற."

"பாட்டு இல்லப்பா. இங்கிலீசு."

"யாரு பாச அது?"

"துரைங்க பாச."

"துரைங்க எங்க?"

"அவங்கதான் கப்பலேறிப் போயிட்டாங்களே."

முனியப்பா எழுந்து நின்றான். அவன் முகத்தில் வந்த வெளிச்சம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"போயிட்டாங்களா? அப்ப சண்டைக்கு வர ஆளில்ல. இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவன் கையைத் தட்டித் தாளம் பார்த்தான். மூன்று சொற்கள்; மூன்று அசைவுகள். "டேக்" என்றால் வடத்தைப் பிடித்துச் சாய். "டுக்" என்றால் இழு. "டேக்கன்" என்றால் கட்டை வை. அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்திவிட்டது. சிக்கண்ணாவிடம் போய்க் கேட்டான்.

"இது யாருக்கும் சொந்தமில்லாத பாசடா. ஒத்துக்கறியா?"

சிக்கண்ணா நெடுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டான். "தெலுங்கு இல்லல்ல?"

"உங்கப்பன் மேல ஆணையா இல்ல."

"என் அப்பன எதுக்கு இழுக்கற? கல்ல இழு" என்றபடி கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள், இரண்டு நாள் கிடந்த கல்லோடு இன்னொரு கல்லும் ஏறிவிட்டது. மேலே நின்றிருந்த எனக்கு உடல் சிலிர்த்தது. நான் தனியே ஓதிய சொல்லை ஒரு கூட்டமே முழங்குகிறது. அந்த முழக்கத்துக்குக் கருங்கல் கீழ்ப்படிகிறது. சில நாட்களில் அந்த ஆட்கள் முட்டுக்கட்டைக்கே "டேக்கன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அந்த டேக்கனத் தூக்கிப் போடுறா" என்பது சைட்டில் சாதாரணப் பேச்சாயிற்று. நான் திருத்தவில்லை. எனக்கே அதில் ஒரு விளக்கம் கிடைத்தது. "டேக்" என்பது முயற்சி. "டுக்" என்பது நடந்தது. "டேக்கன்" என்றால் கட்டை விழுந்துவிட்டது. அது இனிக் கீழே வராது. புத்தகத்தில் பல முறை படித்தும் பிடிபடாத மூன்றாம் வடிவம், சிக்கண்ணாவின் கையால் எனக்குப் பிடிபட்டது.

4. தகரக் கொட்டகையில் தேர்வு

டிவிஷன் ஐயா பாலத்தைப் பார்வையிட வரும் நாளிலேயே தேர்வும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சரிவுப் பாதைக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைதான் தேர்வறை. அவர் கதர்க் கோட்டு அணிந்தவர், அதிகம் பேசாதவர். கிருஷ்ணகிரிப் பக்கத்து வேலையிலிருந்து வந்திருந்த ஒருவர் எனக்கு முன்னால் உள்ளே போனார். அவருக்கு "கிவ்" கிடைத்தது. முகம் வாடி வெளியே வந்தார்.

நான் உள்ளே போய், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓவர்சியர் சுவரோரமாக நின்றிருந்தார். ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"த்ரீ ஃபார்ம்ஸ். தென் யூஸ் இட் இன் யுவர் ஒர்க். தி வெர்ப் இஸ் டேக்."

வாயைத் திறந்தேன். நான் சொல்லுமுன், ஜன்னல் வழியே வெண்கலக் குரல் வந்தது: "டேக்! டுக்! டேக்கன்!"

ஐயாவின் பேனா நின்றது. மீண்டும் வந்தது: "டேக்! டுக்! டேக்கன்!"

"வாட் இஸ் திஸ்? யாரு ப்ராம்ப்ட் பண்றது?"

"சார், அது கல்லிழுக்கிற கூவல்" என்றார் ஓவர்சியர்.

"கல்லிழுக்கிறவன் இங்கிலீஷ் கான்ஜுகேஷன் சொல்லி இழுப்பானா? தேவசகாயம், என்னப் பாத்தா உமக்கு எப்படித் தெரியுது? இது ஏற்பாடா இருந்தா இந்த ஆள் பேரும் போகும், உம்ம பேரும் போகும்." வாசலில் நின்ற பியூனிடம், "போய் அத உடனே நிறுத்தச் சொல்லு" என்றார்.

பியூன் தோளிலிருந்த டவாலிப் பட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். அன்று ஏற்றியது தூணின் தலைக்கல், எல்லாவற்றிலும் பெரியது. அது சரிவின் நடுவில் இருந்தது. நடுவில் கூவலை நிறுத்த முடியாது.

"சார், இப்ப நிறுத்தக் கூடாதுங்க" என்றேன்.

"சைலன்ஸ். உன்னக் கேட்டது மூணு ஃபார்ம். மொதல்ல அதச் சொல்லு. எடத்த விட்டு எழுந்தா ஃபெயில்."

வெளியே கூவல் எழுந்தது. "டேக்!"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டுக்!"

அதன்பின் ஒன்றுமில்லை.

அந்த நிசப்தத்தைப் போல ஓர் ஓசையை நான் அதன் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கல் இழுக்கப்பட்டுவிட்டது, கட்டை விழவில்லை. வடத்தில் அத்தனை தோள்களும் நடுங்கிக்கொண்டிருக்கும். கல்லின் கீழே சிக்கண்ணா கட்டையைக் கையில் பிடித்தபடி, வராத சொல்லுக்காகக் காத்துக் குனிந்திருப்பான். சொல் விழாமல் அவன் கையை நீட்ட மாட்டான். வடம் நழுவினால் கல் அவன் மேல்தான் வரும்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூணின் மேல் நின்று தினமும் கத்திய அதே குரலில் கத்தினேன்:

"டேக்கன்!"

மரம் கல்லில் மோதும் சத்தம் கேட்டது. வடத்தில் அத்தனை பேரும் ஒரே பெருமூச்சு விட்டார்கள். ஒரு சாண் நழுவிய கல், கட்டையில் நின்றது.

5. யாருடைய கூவல்

நான் வெளியே ஓடினேன். எனக்குப் பின்னால் ஐயாவும் வந்துவிட்டார். சரிவின் பக்கத்தில் பியூன், முனியப்பாவின் வாயைக் கையால் பொத்தியபடியே நின்றிருந்தார். "நிறுத்துன்னா நிறுத்த மாட்டேங்கறான் சார்" என்று புகாரும் சொன்னார். முனியப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"நிறுத்தறதுக்கு ஒரு எடம் இருக்குதில்ல சாமி. நடுவுல வாயப் பொத்துனா அங்க ரெண்டு உசுரு இருக்குது பாரு."

ஐயா கல்லின் பின்புறம் சென்று பார்த்தார். குனிந்த நிலையிலேயே சிக்கண்ணாவும் இன்னொருவனும் இருந்தார்கள். சிக்கண்ணாவின் கை இன்னும் கட்டையின் மேல்தான் இருந்தது. ஐயா நிமிர்ந்தார். கோட்டைக் கழற்றிப் பியூனிடம் கொடுத்தார்.

"கூவு" என்றார்.

முனியப்பா கூவினான். டேக், டுக், டேக்கன். ஐயா சரிவின் ஓரமாகவே கல்லோடு மேலே நடந்தார். தலைக்கல் தூணின் உச்சியில் உட்காரும்வரை நின்று பார்த்தார். பிறகு முனியப்பாவைக் கேட்டார்:

"இந்தக் கூவல் யாருடையது?"

"யாருக்கும் சொந்தமில்லீங்க. அதனாலதான் வெச்சுருக்கறோம்."

ஐயாவுக்கு அது விளங்கவில்லை. ஓவர்சியர் மும்மொழிச் சண்டையைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். முதன்முறையாக ஐயா சிரித்தார். அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னை அழைத்தார்.

"எடத்த விட்டு எழுந்தா ஃபெயில்னு சொன்னேன். எழுந்துட்ட. மூணாவது ஃபார்மயும் ஜன்னல்ல சொன்ன, என்கிட்ட சொல்லல. இத நான் எங்க நடந்ததுன்னு எழுதறது?"

ஓவர்சியர் மெதுவாக, "சைட்டுலன்னு எழுதிக்கலாம் சார்" என்றார்.

"அப்ப மீதியும் சைட்டுலயே நடக்கட்டும். யூஸ் தி வெர்ப்."

ஓதி வைத்திருந்த ரீடிங்கும் மெஷர்மென்டும் அந்தக் கணத்தில் ஒன்றும் வரவில்லை. கண்ணெதிரே இருந்ததுதான் வந்தது. "சார், தி மென் டேக் தி ரோப்" என்றேன். ஐயா தலையசைத்தார். அடுத்து, முனியப்பாவைக் காட்டி, "சார், யுவர் பியூன் டுக் ஹிஸ் வாய்ஸ்" என்றேன். ஓவர்சியர் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். பியூனுக்குப் பொருள் தெரியாததால் அவர் கோட்டைப் பிடித்தபடி நிமிர்ந்தே நின்றார். கடைசியாகச் சிக்கண்ணாவைக் காட்டிச் சொன்னேன்: "பட் சிக்கண்ணா ஹாஸ் டேக்கன் கேர் ஆஃப் தி ஸ்டோன்."

ஐயா எழுந்து கோட்டை வாங்கி அணிந்துகொண்டார். "தட் வில் டூ" என்றார். அவ்வளவுதான். நான் தேறிவிட்டேன் என்ற அதன் பொருள் ஓவர்சியர் என் முதுகில் அறைந்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

6. நான் கற்றது

உத்தரவு வந்த நாளில் நான் ஓட்டமாகப் போய்ச் சரிவின் கீழ் நின்று செய்தியைச் சொன்னேன். முனியப்பா வடத்தை நிறுத்தி வைத்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினான். சிக்கண்ணா மட்டும் கட்டையின் மேல் உட்கார்ந்தபடி, "பாஸானது நீயி. இழுத்தது நாங்க" என்றான்.

"அன்னிக்கி என் கொரலு கேட்டு எப்படிக் கட்டை வெச்ச? கூவறவன் கொரலுக்குத்தான வைக்கணும்?" என்று அவனைக் கேட்டேன்.

"உன் கொரலு எனக்குத் தெரியாதா? தினம் தினம் மேல நின்னுகினு உயிர வாங்குன. தூக்கத்துலகூட அதான் கேக்குது."

தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஒரு சொல்லைக் கற்க விரும்பினால் அதை உரக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தில் சொல்லுங்கள். பிறர் எடுத்துப் பயன்படுத்தினால் தடுக்காதீர்கள். நமக்குள் வைத்திருக்கும் சொல் மறந்துபோகும். பத்துப் பேர் தோளில் ஏறிய சொல் மறக்காது. தேர்வின்போது ஓதி வைத்ததெல்லாம் மறந்தபோதும் அந்தச் சொல் என்னைக் கைவிடவில்லை.

ஒர்க் இன்ஸ்பெக்டராக எத்தனையோ வேலைகளை நடத்தினேன். "நிறுத்து" என்று உத்தரவிட வேண்டிய தருணங்களும் வந்தன. கோபத்தில் இருந்தபோதும், மேலதிகாரி பக்கத்தில் நின்றபோதும், அந்தச் சொல்லை வாயிலிருந்து விடுமுன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கமாயிற்று. புதிதாக வந்த ஆட்கள் அதன் பொருள் தெரியாமல் விழிப்பார்கள். பழைய ஆட்கள் குனிந்து பார்த்துப் பதில் சொல்வார்கள்.

"டேக்கனா?" என்று கேட்பேன்.

"டேக்கன் சார்" என்று குரல் வந்த பிறகே நிறுத்தச் சொல்வேன்.